டிரைவை மோட்பஸில் கட்டும்போது வரும் கேள்விகள்

பேனல் கட்டுவது, பிஎல்சிக்கு (மெஷினை இயக்கும் சிறு கணினி) புரோகிராம் எழுதுவது, ஓடாத இடத்துக்குப் போய் ஓட வைப்பது, இதுதான் என் பிழைப்பு. மோட்டார் டிரைவை நெட்வொர்க்கில் சேர்க்கும்போது எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். (டிரைவ், விஎஃப்டி, இன்வெர்ட்டர் என்று மூன்று பெயரில் அழைப்பார்கள், மூன்றும் ஒன்றுதான், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி.)

இங்கே எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: ஒரு பிஎல்சி, அதிலிருந்து ஆர்எஸ்-485 என்ற தரப்படி சிக்னல் போகும் இரட்டை வயர், அதில் வரிசையாகச் சில டிரைவுகள், பேசும் மொழி மோட்பஸ், அதில் எண்களை நேராக பைட்டுகளாக அனுப்பும் ஆர்டியு முறை. பாராமீட்டர் (டிரைவின் செட்டிங்) எண் தேவைப்படும் இடங்களில் டெல்டாவின் விஎஃப்டி-இஎல் வரிசையை எடுத்துக்காட்டாக வைக்கிறேன். உங்களிடம் வேறு கம்பெனி டிரைவ் இருந்தால் எண்கள்தான் மாறும், வேலை மாறாது.

ஸ்டார்ட்–ஸ்டாப்புக்கு இரண்டு வயர், வேகத்துக்கு ஒரு 0–10 வோல்ட் போதாதா? நெட்வொர்க் எதற்கு?

ஒரே ஒரு டிரைவ் என்றால் தாராளமாகப் போதும். அதற்கு மோட்பஸ் போடச் சொல்லி யாராவது கேட்டால் நானே வேண்டாம் என்பேன்.

எட்டு டிரைவ் வரும்போது கணக்கு மாறிவிடும். ஒவ்வொன்றுக்கும் ஸ்டார்ட், ரிவர்ஸ், ஃபால்ட் ரீசெட், ஓடுகிறதா என்ற சிக்னல், ட்ரிப் ஆனதா (கோளாறால் தானே நின்றதா) என்ற சிக்னல், வேகத்துக்கு அனலாக் என்று குறைந்தது ஏழெட்டு வயர் போகும். பிஎல்சியில் எட்டு அனலாக் அவுட்புட் வேண்டும், அந்த கார்டுகளின் விலையே கண்ணைக் கட்டும். மோட்பஸில் ஒரு ஜோடி வயர் எல்லா டிரைவுக்கும் ஓடிவிடும். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எந்த ஃபால்ட் வந்தது என்பதையும் திரையில் காட்டலாம். ட்ரிப் ஆனதும் ‘ஓவர்லோடா, ஓவர்வோல்டேஜா’ என்று பார்க்க ஆள் போய்ப் பேனல் கதவைத் திறக்க வேண்டியதில்லை.

எத்தனையோ நெட்வொர்க் இருக்க, ஏன் மோட்பஸ்?

மலிவு, அப்புறம் எல்லா டிரைவிலும் இருக்கிறது. 1979-இல் மாடிகான் கம்பெனி தன் பிஎல்சிகளுக்காக வெளியிட்ட நெறிமுறை இது. இன்றைக்கும் சிறிய டிரைவுகளில் தனி கார்டு வாங்காமல் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வேகமில்லை, நேர்த்தியும் இல்லை. ஆனால் ஒரு லேப்டாப்பும் ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டரும் இருந்தால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

முதலில் எதைச் செய்வது? வயரிங்கா, பாராமீட்டரா?

மோட்டாரை ஓட்டுங்கள். நெட்வொர்க்கை மறந்துவிட்டு, டிரைவின் கீபேடிலிருந்தே.

மோட்டார் தகட்டில் இருக்கும் வோல்டேஜ், ஆம்பியர், 50 ஹெர்ட்ஸ், ஆர்பிஎம் எல்லாவற்றையும் டிரைவில் போடுங்கள். ஸ்டார்–டெல்டா இணைப்பு டிரைவின் வோல்டேஜுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் டிரைவில், தகட்டில் 230/400 என்று போட்ட மோட்டாரை ஸ்டாரில் கட்டிவிட்டு ‘இழுக்கவே மாட்டேங்குது’ என்பவர்கள் மாதத்துக்கு ஒருவராவது வருவார்கள். 10 ஹெர்ட்ஸில் ஓட்டி, சுற்றும் திசை சரியா என்று பார்த்து, 50 வரை ஏற்றி இறக்குங்கள்.

இரண்டாவது படி, லேப்டாப்பிலிருந்து ஒரே ஒரு டிரைவோடு பேசுவது. மூன்றாவதுதான் பிஎல்சி. எல்லா டிரைவையும் மொத்தமாகக் கட்டி, பிஎல்சி புரோகிராமையும் ஏற்றிவிட்டு ஸ்விட்ச் போட்டால் எதுவும் பேசாது. தவறு வயரிலா, செட்டிங்கிலா, புரோகிராமிலா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலான டிரைவுகள் ஃபேக்டரியிலிருந்து அட்ரஸ் 1 என்றே வரும். இரண்டை ஒன்றாகக் கட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்லி ஒன்றின் பேச்சை ஒன்று கெடுக்கும். ஒன்றைச் சேர்த்து, அட்ரஸ் மாற்றி, பேச வைத்துவிட்டு அடுத்ததைச் சேர்ப்பதுதான் சரி.

என்ன கேபிள் போடலாம்? கையில் லேன் கேபிள் இருக்கிறது.

முறுக்கிய ஜோடி, மேலே ஷீல்டு, 120 ஓம் இம்பிடன்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அதில் இன்னொரு ஜோடியும் இருந்தால் நல்லது, சிக்னல் கிரவுண்டுக்கு ஆகும். ஷீல்டு உள்ள லேன் கேபிளில் ஒரு ஜோடியை எடுத்து ஓட்டியவர்கள் உண்டு, குறுகிய தூரத்துக்கு ஓடவும் செய்யும். ஆனால் அந்தத் திட வயர் அதிர்வில் டெர்மினலில் முறிந்துபோகும். மெஷினில் வேண்டாம்.

வயர் ஒரு டிரைவிலிருந்து அடுத்ததுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு என்று சரமாகப் போக வேண்டும். ஒரு ஜங்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் சேர்த்து நட்சத்திரம் மாதிரி பிரிக்கக் கூடாது. 9600 வேகத்தில் (வினாடிக்கு 9600 பிட்) குட்டிக் கிளைகள் இருந்தாலும் ஓடிவிடும் என்பது உண்மைதான். நாளைக்கு யாராவது வேகத்தைக் கூட்டும்போதுதான் அது பழிவாங்கும்.

தூரம் 1200 மீட்டர் வரை போகலாம், குறைந்த வேகத்தில். ஒரு லைனில் 32 கருவிகள் என்பது பழைய கணக்கு. புதிய சிப்புகள் குறைவாகவே லோடு கொடுப்பதால் அதற்கு மேலும் போடலாம். ஆனால் ஒரு லைனில் பத்துப் பதினைந்துக்கு மேல் கட்டுவதை நான் விரும்புவதில்லை. காரணம் கீழே வேகக் கணக்கில் வரும்.

இன்னொன்று: டிரைவில் லேன் சாக்கெட் மாதிரி ஒன்று இருக்கும். அது ஈதர்நெட் இல்லை, ஆர்எஸ்-485 தான். லேப்டாப்பின் லேன் போர்ட்டையோ ஸ்விட்சையோ அதில் செருகாதீர்கள். பின் எண்ணை மேனுவலில் படம் பார்த்து எண்ணுங்கள், எந்தப் பக்கத்திலிருந்து ஒன்று தொடங்குகிறது என்பதையும் சேர்த்து. தலைகீழாக எண்ணிவிட்டு அரை நாளைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

ஏ, பி என்று போட்டிருக்கிறது. பிளஸ், மைனஸ் என்றும் போட்டிருக்கிறது. எதை எதோடு கட்டுவது?

இதில் உலகமே குழம்பிக் கிடக்கிறது. ஸ்டாண்டர்டு ஒரு விதமாகச் சொல்ல, பல கம்பெனிகள் அதற்கு நேர் எதிராக ஏ என்றால் பிளஸ் என்று அச்சடித்துவிட்டன. ஒரே கம்பெனிப் பொருள்களுக்குள் எழுத்தை நம்பலாம். இரண்டு கம்பெனி என்றால் பேசாதபோது இரண்டு வயரையும் மாற்றிக் கட்டிப் பாருங்கள். மாற்றிக் கட்டினால் எதுவும் எரியாது, பேசாது, அவ்வளவுதான். மாற்றிய பிறகு பேசினால் அந்த நிறத்தையே கடைசி டிரைவ் வரை காப்பாற்றுங்கள்.

டெர்மினேஷன் ரெசிஸ்டர் கட்டாயமா?

ஆமாம், சிக்னல் வயர் முனையில் எதிரொலித்துத் திரும்பாமல் தடுப்பது அதுதான். இரண்டு முனையிலும் 120 ஓம் ஒவ்வொன்று. முனை என்றால் வயரின் முனை. பிஎல்சி நடுவில் இருந்தால் பிஎல்சியில் போடக் கூடாது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. எல்லா சப்ளையையும் அணைத்துவிட்டு மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு வயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். சுமார் 60 வந்தால் இரண்டு முனையிலும் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 வந்தால் ஒன்று இல்லை, அல்லது நடுவில் வயர் விட்டிருக்கிறது. 40 வந்தால் யாரோ நடு டிரைவில் டெர்மினேஷன் சுவிட்சை ஆன் செய்துவைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் காட்டினால் ரெசிஸ்டரே இல்லை. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ ஷார்ட். ஷீல்டின் ஒரு மயிரிழை டெர்மினலைத் தொட்டுக்கொண்டிருக்கும். பத்து வினாடி வேலை இது. கம்யூனிகேஷன் பிரச்சினை என்று கூப்பிட்டால் நான் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் இதைத்தான் செய்கிறேன்.

(டிரைவை அணைத்த உடனே உள்ளே கை விடாதீர்கள். உள்ளே டிசி கெபாசிட்டர் சார்ஜாகவே இருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று டிரைவின் மேலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.)

ஷீல்டை ஒரு பக்கம் எர்த் செய்வதா, இரண்டு பக்கமுமா?

இரண்டு எலக்ட்ரீஷியன்களுக்கு நடுவே சண்டை மூட்ட வேண்டுமானால் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும். கம்யூனிகேஷன் கேபிளின் ஷீல்டை ஒரு இடத்தில் மட்டும், பிஎல்சி பேனலில், எர்த் செய்வது என் வழக்கம். நடுவில் வரும் டிரைவுகளில் ஷீல்டை ஒன்றோடு ஒன்று தொடர்ச்சியாகச் சேர்த்து, எர்த்தைத் தொடாமல் விட்டுவிடுவேன். உங்கள் டிரைவ் மேனுவல் ஒவ்வொரு டிரைவிலும் கிளாம்பு போடச் சொன்னால், எல்லாம் ஒரே பேனலில், ஒரே எர்த் தகட்டில் இருந்தால் அப்படியே செய்யலாம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அப்படிச் செய்தால் எர்த் வித்தியாசத்தின் கரண்ட் ஷீல்டு வழியாக ஓடும்.

மோட்டார் கேபிள் வேறு விஷயம். அதன் ஷீல்டை டிரைவ் பக்கமும் மோட்டார் பக்கமும், இரண்டிலும், நல்ல அகலமான கிளாம்பு போட்டு எர்த் செய்ய வேண்டும். ஷீல்டை நீளமாகத் திரித்து ஒரு லக்கில் அடைத்துவைப்பது கண்துடைப்பு.

பாட் ரேட், பாரிட்டி எல்லாம் என்ன வைப்பது?

பாட் ரேட், அதாவது பேசும் வேகம், 9600 அல்லது 19200. எட்டு பிட், ஈவன் பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்), ஒரு ஸ்டாப் பிட். பாரிட்டி வேண்டாம் என்றால் ஸ்டாப் பிட் இரண்டு. பிஎல்சியிலும் எல்லா டிரைவிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அட்ரஸ் 1 முதல் 247 வரை எதுவும் ஆகலாம், ஒன்று இன்னொன்றுக்கு வரக் கூடாது.

விஎஃப்டி-இஎல்லில் 09.00 அட்ரஸ், 09.01 வேகம், 09.04 பேச்சு வடிவம். இந்த 09.04-இல் ஒரு பொறி இருக்கிறது. ஃபேக்டரியிலிருந்து வரும்போது அது 0, அதாவது ஆர்டியு இல்லை, ஏழு பிட் ஆஸ்கி (எண்களை எழுத்துகளாக அனுப்பும்) முறை. ஆர்டியுவில் ஈவன் பாரிட்டி வேண்டுமானால் 4 என்று மாற்ற வேண்டும். வேகமும் அட்ரஸும் மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டால், வயர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டிரைவ் வாயே திறக்காது.

லேப்டாப்பிலிருந்து எப்படிச் சோதிப்பது? உண்மையில் என்னதான் போகிறது வயரில்?

மோட்பஸ் மாஸ்டராக, அதாவது கேள்வி கேட்கும் பிஎல்சியின் இடத்தில், நடிக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு, அட்ரஸ் 1-இல் உள்ள டிரைவை முன்பக்கமாக ஓடச் சொன்னால் வயரில் போவது இந்த எட்டு பைட்தான்:

01 06 20 00 00 12 02 07

முதல் 01 டிரைவின் அட்ரஸ். 06 என்றால் ‘ஒரு ரெஜிஸ்டரில் எழுது’. (ரெஜிஸ்டர் என்பது டிரைவுக்குள் ஒரு எண்ணை வைக்கும், எண்ணிட்ட அறை.) 20 00 எந்த ரெஜிஸ்டர் என்பது. ஹெக்ஸில் (பதினாறு பதினாறாக எண்ணும் முறை) 2000, விஎஃப்டி-இஎல்லின் கட்டளை ரெஜிஸ்டர். 00 12 எழுத வேண்டிய மதிப்பு. அதுவும் ஹெக்ஸ்தான், நம் கணக்கில் 18. பிட்டுகளாகப் பிரித்தால் கடைசி இரண்டு பிட் ‘ஓடு’ என்கிறது, நாலு-ஐந்தாம் பிட்கள் ‘முன்பக்கம்’ என்கின்றன. ரிவர்ஸ் வேண்டுமானால் ஹெக்ஸ் 22, அதாவது 34. நிறுத்த 1. கடைசி 02 07 சிஆர்சி, வழியில் ஏதாவது கெட்டதா என்று டிரைவ் சரிபார்க்கும் எண்.

டிரைவ் ஒத்துக்கொண்டால் அதே எட்டு பைட்டை அப்படியே திருப்பிச் சொல்லும். மறுத்தால் 06 இருக்க வேண்டிய இடத்தில் 86 வரும், அதற்கடுத்த பைட் காரணம். 1 என்றால் அந்தக் கட்டளையே தெரியாது, 2 என்றால் அந்த ரெஜிஸ்டர் கிடையாது, 3 என்றால் மதிப்பு ஒத்துவராது, 4 என்றால் கருவிக்குள்ளேயே கோளாறு. மறுப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள். வயர், வேகம், பாரிட்டி, அட்ரஸ் எல்லாம் சரி என்று அர்த்தம். கவலைப்பட வேண்டியது மௌனத்துக்குத்தான்.

இதில் ஒருமுறை நான் ஏமாந்திருக்கிறேன். சில மலிவான கன்வெர்ட்டர்கள் தாம் அனுப்பியதைத் தாமே கேட்டுக்கொள்ளும். 06 கட்டளைக்குச் சரியான பதிலும் அதே எட்டு பைட்தானே. டிரைவ் பதில் சொல்கிறது என்று நம்பி, ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் டிரைவ் பக்க வயரே கட்டப்படவில்லை. அன்றிலிருந்து முதல் சோதனையை எப்போதும் 03-இல், படிக்கும் கட்டளையில்தான் செய்கிறேன். ஹெக்ஸ் 2105-ஐப் படித்தால் டிசி பஸ் வோல்டேஜ் (டிரைவுக்குள் இருக்கும் டிசி வோல்டேஜ்) வரும். மோட்டார் அசையாது, ஆபத்தில்லை, உண்மையான எண் வந்தால் டிரைவே பேசுகிறது என்று உறுதி.

டிரைவ் படிக்கக் கொடுக்கிறது, எழுதினால் பதிலும் சொல்கிறது. ஆனால் மோட்டார் ஓடவில்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். டிரைவுக்கு இரண்டு தனித்தனிக் கேள்விகள் உண்டு: ‘ஓடு, நில் என்று யார் சொல்வது?’, ‘எவ்வளவு வேகம் என்று யார் சொல்வது?’ இரண்டுக்கும் தனித்தனிப் பாராமீட்டர். விஎஃப்டி-இஎல்லில் 02.01 முதலாவது, 02.00 இரண்டாவது. நெட்வொர்க்கிலிருந்து ஓட வேண்டுமானால் 02.00-இல் 3, 02.01-இல் 3 அல்லது 4. (3 வைத்தால் கீபேடின் ஸ்டாப் பட்டன் வேலை செய்யும், 4 வைத்தால் செய்யாது. 3 வையுங்கள். மெஷின் பக்கத்தில் நிற்பவருக்கு அந்தப் பட்டன் வேண்டும்.)

02.01-ஐ மட்டும் மாற்றினால் ரன் விளக்கு எரியும், மோட்டார் நிற்கும். வேகம் இன்னும் கீபேடிலிருந்து, பூஜ்யமாக, வந்துகொண்டிருக்கிறது. 02.00-ஐ மட்டும் மாற்றினால் திரையில் 50.00 என்று வேகம் வந்து உட்கார்ந்திருக்கும், ஓடாது. எந்தக் கம்பெனி டிரைவானாலும் இந்த இரண்டு பாராமீட்டரும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

மேனுவலில் ஒரு ரெஜிஸ்டர் எண், பிஎல்சியில் வேறு எண். எது சரி?

இரண்டும் சரி. மோட்பஸில் பழைய வழக்கப்படி எழுதும்-படிக்கும் ரெஜிஸ்டர்கள் 40001 என்று தொடங்கும். வயரில் போவதோ பூஜ்யத்திலிருந்து எண்ணிய எண். ஆகவே ஹெக்ஸ் 2000 என்பது நம் கணக்கில் 8192. பழைய முறையில் எழுதினால் 48193. சில பிஎல்சிகள் 8192 கேட்கும், சில 8193 கேட்கும், சில 48193 கேட்கும். வேகத்தை எழுதினால் டிரைவ் ஓட ஆரம்பிக்கிறது, அல்லது 2 என்ற மறுப்பு வருகிறது என்றால் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது மோட்டாரைக் கப்ளிங்கிலிருந்து கழற்றி வையுங்கள்.

வேகத்துக்கு 50 எழுதினேன். மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை.

50 என்றால் டிரைவுக்கு 0.50 ஹெர்ட்ஸ். ஹெக்ஸ் 2001-இல் இரண்டு தசம இடம் உண்டு. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் 5000 எழுத வேண்டும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷ்னைடர் அல்டிவாரில் 8502 என்ற ரெஜிஸ்டருக்கு ஒரு தசம இடம்தான், அதே 50 ஹெர்ட்ஸுக்கு 500. சீமென்ஸில் ஹெர்ட்ஸே இல்லை, முழு வேகத்துக்கு 16384 என்ற விகிதக் கணக்கு.

ஓட்டும் கட்டளையும் அப்படித்தான். டெல்டாவில் 18 எழுதினால் ஓடிவிடும். அல்டிவாரில் 8501-இல் 6, பிறகு 7, பிறகு 15 என்று படிப்படியாகப் போக வேண்டும், ஒவ்வொரு படியிலும் 3201-ஐப் படித்து டிரைவ் அடுத்த நிலைக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு. சீமென்ஸில் 1150 எழுதிவிட்டு 1151 எழுத வேண்டும். நேராக 1151 எழுதினால் அசையாது. கடைசி பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு மாறுவதைத்தான் அது பார்க்கிறது.

மோட்டார் ஓடாதபோது பேசுகிறது, ஓடியதும் கம்யூனிகேஷன் போய்விடுகிறது.

நாய்ஸ். டிரைவ் மோட்டாருக்கு அனுப்புவது அழகான அலை இல்லை, வினாடிக்குச் சில ஆயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்பும் வோல்டேஜ். மோட்டார் கேபிள் ஒரு ஏரியல் மாதிரி.

ஒரு சாயப்பட்டறையில் ஆறு புளோயர் டிரைவ். மூன்றாவது புளோயர் 35 ஹெர்ட்ஸைத் தாண்டினால் எல்லா டிரைவும் திரையில் சிவப்பாகும். கன்வெர்ட்டர் மாற்றியாயிற்று, பிஎல்சி மாற்றியாயிற்று. போய் கேபிள் ட்ரேயின் மூடியைத் தூக்கினால், கம்யூனிகேஷன் கேபிளை மூன்றாவது மோட்டாரின் கேபிளோடு சேர்த்து நாற்பது அடிக்கு அழகாக டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வேலை என்னவோ சுத்தமான வேலைதான், பார்க்கவே ஆசையாக இருந்தது. டையை வெட்டி, கம்யூனிகேஷன் கேபிளை ட்ரேக்கு வெளியே ஒரு அடி தள்ளித் தனிக் குழாயில் போட்டதும் சரியாகிவிட்டது.

எனவே தனி வழி, குறைந்தது ஒரு அடி இடைவெளி. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாக. மூன்றாவது வயராக சிக்னல் கிரவுண்டைச் சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆர்எஸ்-485 ரிசீவர் தாங்கும் பொது வோல்டேஜ் மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வரைதான். இரண்டு பேனலின் கிரவுண்டு அதைத் தாண்டி விலகினால் பேச்சு கெடும், சில சமயம் சிப்பே போகும். இதெல்லாம் சரியாக இருந்தும் தொல்லை என்றால், டிரைவின் கேரியர் ஃப்ரீக்வென்சியை, அதாவது அந்த வெட்டும் வேகத்தை, குறைத்துப் பாருங்கள். மோட்டார் கொஞ்சம் அதிகமாகக் கீச்சிடும்.

திரையில் எண்கள் மெதுவாக மாறுகின்றன. பாட் ரேட்டைக் கூட்டினால் சரியாகுமா?

கொஞ்சம். 9600-இல் ஒரு எழுத்து 11 பிட், அதாவது சுமார் 1.15 மில்லி வினாடி. எட்டு பைட் கேள்விக்கு 9, ஒன்பது பைட் பதிலுக்கு 10, முன்னும் பின்னும் மௌனம் 4 + 4, டிரைவ் யோசிக்க ஒரு 10. ஆக ஒரு பேச்சுக்கு 37 மில்லி வினாடி. பத்து டிரைவ், ஒவ்வொன்றோடும் இரண்டு பேச்சு என்றால் முக்கால் வினாடி. 38400 வைத்தால் நாலில் ஒரு பங்காகும் என்று நினைப்போம். டிரைவ் யோசிக்கும் நேரம் குறைவதில்லை, அதனால் பாதியாகத்தான் ஆகும்.

பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் அதுவல்ல, அணைத்துவைத்த டிரைவ். ஒரு டிரைவ் சர்வீஸுக்காக ஆஃப் என்றால், பிஎல்சி அதன் பதிலுக்கு ஒரு வினாடி காத்திருந்து, மூன்று முறை முயன்று, அதற்குப் பிறகே அடுத்ததிடம் போகும். ஒருவர் வராததற்காகப் பந்தியே காத்திருக்கிற மாதிரி. காத்திருப்பை 200 மில்லி வினாடிக்குக் குறையுங்கள். தொடர்ந்து பதில் இல்லாத டிரைவைச் சுற்றிலிருந்து ஒதுக்கி, பத்து வினாடிக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும்படி எழுதுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் அறுந்தால் மோட்டார் நிற்குமா?

நீங்கள் சொல்லி வைத்தால்தான் நிற்கும். என்னிடம் யாரும் கேட்காத, ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

விஎஃப்டி-இஎல்லில் 09.03 என்பது எத்தனை வினாடி பேச்சு இல்லையென்றால் தொடர்பு போனதாக எடுத்துக்கொள்வது. ஃபேக்டரி மதிப்பு 0, அதாவது பார்ப்பதே இல்லை. 09.02 என்பது தொடர்பு போனால் என்ன செய்வது. ஃபேக்டரி மதிப்பு 3, எச்சரிக்கையும் இல்லாமல் ஓடிக்கொண்டே இரு. இப்படியே விட்டால், எலி கேபிளைக் கடித்தாலும் மோட்டார் கடைசியாகக் கேட்ட வேகத்தில் ஓடும். திரையில் ஸ்டாப்பை எத்தனை முறை அழுத்தினாலும் ஓடும்.

09.02-இல் 1 வைத்தால் எச்சரித்துவிட்டு மெல்ல இறங்கி நிற்கும், 2 வைத்தால் தானாகச் சுழன்று நிற்க விடும். எது வேண்டும் என்பதை மெஷின்தான் சொல்ல வேண்டும். கன்வேயருக்கு 1. கனமான ஃபேனுக்கு 2 பரவாயில்லை. பாய்லரின் புகை இழுக்கும் ஃபேன் மாதிரி நிற்பதே ஆபத்தாக இருக்கும் இடத்தில் ஓடிக்கொண்டிருப்பதே சரியாக இருக்கலாம், ஆனால் அலாரமாவது அடிக்க வேண்டும். 09.03-ஐ உங்கள் சுற்று நேரத்தின் மூன்று நான்கு மடங்கு வையுங்கள். முக்கால் வினாடிச் சுற்றுக்கு 3 வினாடி நன்றாக இருக்கும்.

வைத்துவிட்டு, ஓடும்போது கனெக்டரைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். கஸ்டமர் பக்கத்தில் நிற்கும்போதே செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்புமா?

கிளம்பும், புரோகிராம் அப்படி இருந்தால். பிஎல்சி யுபிஎஸ்ஸில் இருக்கும், டிரைவ் மெயினில் இருக்கும். கரண்ட் போனபோது பிஎல்சி சுற்றுக்குச் சுற்று 18 எழுதிக்கொண்டிருந்தது, இன்னும் எழுதிக்கொண்டேதான் இருக்கிறது. ஜெனரேட்டர் எடுத்ததும் டிரைவ் உயிர் பெறுகிறது, 18 வருகிறது, மோட்டார் ஓடுகிறது. அந்த நேரத்தில் ஒருவர் சிக்கிய துணியை எடுக்கக் கையை விட்டிருப்பார்.

ஆகவே ஒரு டிரைவோடு பேச்சு அறுந்தால் அதன் ரன் கட்டளையைப் பிஎல்சி உடனே 1-க்கு மாற்றிவிட வேண்டும். பேச்சு திரும்பினாலும் ஆள் வந்து ஸ்டார்ட் அழுத்தாமல் 18 போகக் கூடாது. பிஎல்சி ரீஸ்டார்ட் ஆனாலும் இதே விதி. பேட்டரியில் நினைவு வைக்கும் ரெஜிஸ்டரில் ரன் கட்டளையை வைக்காதீர்கள்.

எமர்ஜென்சி ஸ்டாப்பையும் மோட்பஸிலேயே கொடுத்துவிடலாமா? ஒரு வயர் மிச்சம்.

கூடாது. டிரைவில் எஸ்டிஓ (மோட்டாரைச் சுழற்றும் பவரை டிரைவுக்குள்ளேயே நிறுத்தும்) டெர்மினல் இருந்தால் எமர்ஜென்சி ரிலேயிலிருந்து அதற்கு நேராக வயர் இழுங்கள். சிறிய டிரைவில் அது இல்லையென்றால், டிரைவுக்குப் போகும் சப்ளையில் கான்டாக்டர் வைத்து எமர்ஜென்சி ரிலேயால் வெட்டுங்கள். அந்தக் கான்டாக்டரை அன்றாட ஸ்டார்ட்–ஸ்டாப்புக்குப் பயன்படுத்தக் கூடாது, டிரைவின் ஆயுள் குறையும். பாதுகாப்புக்கென்றே செய்த நெட்வொர்க்குகள் தனியாக உண்டு. மோட்பஸ் ஆர்டியு அந்த வகையில் சேராது.

ஆக்ஸிலரேஷன் டைமையும் பிஎல்சியிலிருந்தே எழுதலாமா?

எழுதலாம், மாறும்போது மட்டும். 2000, 2001 போன்ற கட்டளை ரெஜிஸ்டர்கள் தற்காலிக நினைவில் இருப்பவை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். பாராமீட்டர்கள் பல டிரைவுகளில் ஈஈபிராமில், அதாவது அணைத்தாலும் அழியாத நினைவில், போய் உட்காரும். அது ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஒருமுறை எழுதினால் 28 மணி நேரத்தில் அந்த ஆயுள் தீர்ந்துவிடும். டிரைவ் மெமரி ஃபால்ட் காட்டும், வாரண்டியில் போய் நிற்பீர்கள்.

இதே வேலை ப்ரோஃபிநெட்டிலோ ஈதர்நெட்/ஐபியிலோ என்றால்?

இவை ஈதர்நெட் கேபிளில் ஓடும் நெட்வொர்க்குகள். டெர்மினேஷன், பாரிட்டித் தலைவலி எல்லாம் போய்விடும், வேறு தலைவலி வரும். ப்ரோஃபிநெட்டில் டிரைவுக்கு ஐபியைவிடப் பெயர் முக்கியம். புரோகிராமில் வைத்த பெயரும் டிரைவில் எழுதிய பெயரும் ஒரு புள்ளி மாறினாலும் சேராது. டிரைவின் வெர்ஷனுக்கு ஏற்ற விவரக் கோப்பைக் கம்பெனி தளத்திலிருந்து இறக்கி ஏற்ற வேண்டும், ஈதர்நெட்/ஐபிக்கும் அப்படித்தான். மோட்பஸ் டிசிபி என்றால் ரெஜிஸ்டர்கள் அதேதான், போர்ட் 502, சிஆர்சி கிடையாது. ஓடு–நில், வேகம் யார் கையில் என்பது, தொடர்பு போனால் என்ன செய்வது, கரண்ட் வந்தால் என்ன செய்வது என்ற மூன்றும் அங்கேயும் அப்படியே வரும்.

வேலை முடித்துவிட்டுக் கிளம்பும்போது என்ன விட்டுவிட்டு வர வேண்டும்?

பேனல் கதவின் உள்பக்கம் ஒரு தாள். எந்த அட்ரஸ் எந்த மோட்டார், பாட் ரேட், பாரிட்டி, டெர்மினேஷன் எந்த இரண்டு இடத்தில் ஆன், தொடர்பு போனால் எந்த மோட்டார் எத்தனை வினாடியில் என்ன செய்யும். ஃபேக்டரி மதிப்பிலிருந்து மாற்றிய பாராமீட்டர்கள் மட்டும் ஒரு பட்டியலாக. டிரைவ் எரிந்துபோனால் இரவு இரண்டு மணிக்கு ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் புதியதை மாட்டி, அந்தத் தாளைப் பார்த்து எண்களைப் போட்டுவிடுவார். தாளை லேமினேட் செய்து ஒட்டுங்கள். சாயப்பட்டறை ஈரத்தில் சாதாரணத் தாள் ஒரு மழைக்காலம் தாங்காது.